ஓக் கதிரைக்குள்ளை ஒரு பைன் தடி

"அசல் இருக்கை. டென்மார்க் கைவினைஞர் ஒருவரால் பின்னப்பட்டது."

இப்பிடித்தான் அந்த அட்டையிலை இத்தாலியன் பாசையிலை எழுதியிருந்தது. இஞ்சை பலெர்மோவிலை வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னாலை ஒரு பழைய மாளிகையிலை பழங்காலத்து வீட்டுச் சாமான்களைக் காட்சிக்கு வைச்சிருக்கினம் எண்டு மகள் ரெஜினாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனவள். "அம்மா, நீங்கள் பின்னுற கதிரையள் மாதிரி ஒண்டு நிக்குது, வந்து பாருங்கோ" எண்டாள். போய்ப் பாத்தா, மாதிரி என்ன மாதிரி, என்ரை கதிரையேதான். டென்மார்க் கைவினைஞராம்! கோதாரி. அதைப் பின்னினது மன்னாரிலை பிறந்த ஜெசிந்தா. டென்மார்க் எந்தத் திசையிலை இருக்கெண்டு கூட எனக்கு ஒழுங்காத் தெரியாது.

கோயில் சங்கத்துப் பிள்ளையள் ரெண்டு வருசமா என்னைக் கேக்கினம். "அன்ரி, இவ்வளவு காலம் வேலை செய்தனீங்கள், ஆண்டு மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை எழுதித் தாங்கோ. சந்தோசமான விசயங்களாப் பாத்து எழுதுங்கோ." நானும் நாளைக்கு, நாளைக்கு எண்டு கடத்திக்கொண்டு வந்தனான். இப்ப எழுதுறன். சந்தோசம் வேணுமெண்டா வேறை ஆரிட்டையும் கேளுங்கோ. அந்த அட்டையைப் பாத்த நாளிலையிருந்து எனக்கு வயிறு எரியுது.

தொண்ணூறுகளின்ரை தொடக்கத்திலை நான் பலெர்மோவுக்கு வந்தனான். மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை. மூண்டு வயசு மகளை, மடுவிலை அகதிக் கொட்டிலிலை இருந்த தங்கச்சியிட்டை விட்டிட்டு வந்தனான். வந்து ரெண்டாம் மாசம் ஒரு சின்யோரா வீட்டிலை வேலை கிடைச்சுது. கூட்டிறது, துடைக்கிறது, உடுப்பு அயன் பண்ணுறது. சின்யோரா எண்டா இஞ்சை 'அம்மா' மாதிரி ஒரு மரியாதைப் பேர். புருசன் செத்துப்போன பெரிய இடத்து மனுசி அவ. 'இந்தப் பெண் என்னிட்டை வேலை செய்யிறா' எண்டு அவ வருசா வருசம் ஒரு கடிதத்திலை கையெழுத்து வைச்சுத் தருவா. அதைக் கொண்டு போனாத்தான் குவெஸ்தூராப் பொலிசிலை பெர்மெசோ, இஞ்சை இருக்கிற அனுமதி, புதுப்பிப்பினம். பெர்மெசோ இருந்தாத்தான் மகளைக் கூப்பிடலாம். இந்தக் கட்டுரையிலை வேறை எதை மறந்தாலும் அந்தக் கையெழுத்தை மறக்காதேங்கோ.

சின்யோராதான் ரெண்டாம் வருசம் ஒருநாள் சொன்னா, பிரான்காச்சோ எண்ட இடத்திலை கதிரை திருத்திற பட்டறை ஒண்டிலை கைவேலை தெரிஞ்ச ஆள் தேடினம் எண்டு. நான் சின்ன வயசிலையிருந்து பனையோலையிலை பெட்டியும் பாயும் இழைச்சவள். "ஓம், போறன்" எண்டன். காலமை சின்யோரா வீடு, பின்னேரம் பட்டறை. சியாகுல்லித் தோட்டங்களிலை மன்டரீன் பிடுங்கப் போற எங்கடை ஆக்களும் அதே பஸ்சிலைதான் வருவினம். பட்டறையிலை கடிதமுமில்லை, பதிவுமில்லை. அங்கை நான் ஒரு ஆளே இல்லை, ரெண்டு கை மட்டும்தான்.

பட்டறைக்காரன் பேர் தூரி. எல்லாரும் மாஸ்த்ரோ, அதாவது பெரியாசாரி, எண்டுதான் கூப்பிடுறது. மெலிஞ்ச மனுசன். வேலைச்சட்டைக்கு மேலையும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நிப்பார். மற்ற ஆக்களுக்குக் கோவம் வந்தாக் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். காதுக்குக் கிட்டப் போய்த்தான் அவரின்ரை பேச்சு வாங்கோணும். நேரடியாவே சொல்லுறன், மனுசன் விண்ணன். மரத்தைத் தட்டிப் பாத்து எங்கை வெடிப்பு எண்டு சொல்லுவார். அதாலைதான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். வேலை தெரியாதவன் பிழை விட்டா மன்னிக்கலாம்.

டென்மார்க் கதிரையளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லோணும். ஓக் எண்ட வைரமான மரம். முதுகுச் சட்டத்தை ஆவியிலை அவிச்சு வளைச்சிருப்பாங்கள். ஒரு ஸ்குரூ இருக்காது. ஒவ்வொரு சட்டத்தின்ரை நுனியும் காலுக்குள்ளை ஒரு துளையிலை போய் இறுகி நிக்கும். இருக்கிற இடத்துக்குப் பலகையுமில்லை, மெத்தையுமில்லை. நாலு சட்டத்தையும் சுத்திச் சுத்திப் பின்னின கயிறு மட்டும்தான். அந்தக் கயிறும் தும்பில்லை, நாரில்லை, கடதாசி. மெழுகு போட்டு முறுக்கின கடதாசி. ஒரு கதிரைக்கு நூறு மீற்றருக்கு மேலை போகும். கதிரை முன்னுக்கு அகலம், பின்னுக்கு ஒடுக்கம். அதாலை முதல்லை முன்மூலை ரெண்டையும் துண்டுக் கயிறாலை நிரப்பி, சதுரமா வந்த பிறகுதான் சுத்தத் தொடங்கிறது. ஒவ்வொரு சுத்துக்கும் இழுத்து, மரக்கட்டையாலை தட்டி, அடுத்ததோடை ஒட்டோணும். ஒரு சுத்துத் தளர்ந்தா முழுக்கத் தளரும்.

இனி என்ரை கெட்டித்தனத்தைக் கேளுங்கோ. எங்கடை ஊரிலை ஓலையை ஊறப்போட்டுத்தான் இழைக்கிறது. காய்ஞ்ச ஓலை வெடிக்கும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடதாசிக் கயிற்றைக் கையிலை எடுத்துப் பாத்தன், விறைப்பா இருந்துது. ஆரிட்டையும் ஒரு சொல்லுக் கேக்கேல்லை. சனிக்கிழமை பின்னேரம் முழுக் கயிற்றுக் கட்டையும் ஒரு வாளித் தண்ணிக்குள்ளை அமத்தி வைச்சிட்டு வீட்டை போனன். திங்கட்கிழமை வந்து பாத்தா வாளிக்குள்ளை ஒடியல் கூழ்தான் கிடக்கு! டென்மார்க்கிலையிருந்து வந்த கயிறு. அடுத்தது வர ஒண்டரை மாசம்.

மாஸ்த்ரோ வாளிக்குள்ளை கையை விட்டு அந்தக் கூழை அள்ளிப் பாத்தார். "கயிறு வரும் வரைக்கும் நீ கதிரையளைத் தலைகீழாப் பிடிச்சுப் பார்" எண்டார், காதுக்குள்ளை. "மேலை எல்லாக் கதிரையும் வடிவுதான். கீழை பார். கீழை பொய் சொல்லாது." ஒண்டரை மாசமும் அதைத்தான் செய்தன். எந்த மூட்டு ஆடுது, எந்தச் சட்டம் வெடிச்சிருக்கு, எது பிறகு மாத்தினது எண்டு பாத்துச் சொல்லோணும். பிழையாச் சொன்னா கதிரையைத் திரும்பக் கவிட்டு வைப்பார். இருக்க ஏலாத கதிரை விறகு எண்டும் சொல்லுவார். நான் நம்பினன், மடைச்சி மாதிரி ஒவ்வொரு சொல்லையும் நம்பினன்.

ரெண்டு வருசம் போச்சு. பட்டறைக்கு வந்த டென்மார்க் கதிரை எல்லாம் நான்தான் பின்னினனான். முடிச்சு வெளியிலை தெரியாமல், பெட்டி வாயிலை ஓலையை மடிச்சு உள்ளுக்கை சொருகிற மாதிரி நுனியைச் சொருகி விடுவன். அது ஆரும் சொல்லித் தந்ததில்லை, என்ரை கைப்பழக்கம். முடிஞ்ச இருக்கையிலை விரலாலை சுண்டினா மேளம் மாதிரிக் கேக்கும்.

அப்பதான் சின்யோராவின்ரை ஆறு கதிரையும் பட்டறைக்கு வந்துது. அவவின்ரை மாமனார் கப்பல் கப்பித்தானாம், அவர் டென்மார்க்கிலையிருந்து கொண்டுவந்தது. மகன்ரை நிச்சயதார்த்த விருந்துக்குச் சம்பந்தி வீட்டார் வருகினம், அதுக்கு முதல் ஆறும் புதுசு மாதிரி வேணும் எண்டு சின்யோரா நெருக்கினா. பழைய கயிறெல்லாத்தையும் வெட்டி எடுத்திட்டுக் கவிட்டுப் பாத்தன். ரெண்டு கதிரையிலை முன்சட்டம் வெடிச்சிருந்தது. தொடையின்ரை முழுப் பாரத்தையும் தாங்கிற சட்டம் அது. மாஸ்த்ரோவிட்டைக் காட்டினன்.

"ஓக்கிலை புதுச்சட்டம் சீவோணும், ஒரு கிழமை வேணும்" எண்டார். "நேரமில்லை."

அடுத்த நாள் போனா, ரெண்டு கதிரையிலையும் புதுச்சட்டம் நிக்குது. கையிலை தூக்கினன், பாரமில்லை. நகத்தாலை கீறினன், மண்ணிறச் சாயத்துக்குக் கீழை வெள்ளை. பைன் தடி, பாரம் தாங்காத மெது மரம்! அதுவும் துளைக்குள்ளை இறக்கேல்லை, ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சுக் கிடக்கு.

"மாஸ்த்ரோ, இது ஓக் இல்லை."

"தெரியும்."

"இதிலை ஆக்கள் இருக்கப்போயினம்."

"கயிறு சுத்தினாப் பிறகு ஆர் பாக்கப்போயினம்? நீ சுத்து."

தலைகீழாப் பார் எண்டு சொன்ன அதே வாயாலைதான் இதையும் சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கிறது எண்டு சொல்லுவினம். இஞ்சை சோறு போட்டு மூடினது ஆர்? நான். 'மாட்டன்' எண்டு சொல்லியிருக்கலாம். சொன்னா அடுத்த நாள் வேலையில்லை. சின்யோராவுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னா மாஸ்த்ரோவா நானா எண்டு வரும், அதிலை நான் எந்தப் பக்கம் நிப்பனெண்டு எனக்குத் தெரியும். இதெல்லாம் நியாயமில்லை, சாட்டு. சுத்தினனான். நல்லா, இறுக்கமா, வடிவாச் சுத்தினனான். அதை நினைச்சா எனக்கு என்னிலேயே பத்தி எரியுது.

விருந்திலை சின்யோராவின்ரை மைத்துனர் நல்ல பாரமான மனுசன். அவர் சூப்புக் கோப்பையோடை இருக்க, பைன் சட்டம் முறிஞ்சு கதிரை இருந்து போச்சு. மனுசன்ரை மணிக்கட்டு முறிஞ்சுது. சம்பந்தி வீட்டார் முதல்லை பதறி, பிறகு சிரிச்சினமாம். அந்தச் சிரிப்பைத்தான் சின்யோராவாலை தாங்க ஏலாமப் போச்சு.

மகன்காரன் உடைஞ்ச கதிரையைப் பட்டறைக்குக் கொண்டு போட்டான். மாஸ்த்ரோ சின்யோராவுக்குப் போனிலை என்ன சொன்னவர் தெரியுமோ? "மரத்திலை ஒரு பிழையுமில்லை, அவள் பின்னினது அவிழ்ந்திட்டுது" எண்டு. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். இவன் மேடையைக் கோணலாக் கட்டிப்போட்டு ஆடினவளிலை பழியைப் போட்டான். இனி அவனுக்கு மரியாதை என்னத்துக்கு?

மூண்டாம் நாள் காலமை நான் வேலைக்குப் போக, சின்யோரா வாசல்லையே நிண்டா.

"ஜெசிந்தா, உன்ரை சாமான்களை எடுத்துக்கொண்டு போ. இந்த வருசம் கடிதம் தரமாட்டன்."

குவெஸ்தூராவுக்குப் போற நாளுக்கு இன்னும் ஒன்பது நாள். மடுவிலையிருந்து தங்கச்சி எழுதியிருந்தா, பிள்ளைக்கு வயசு ஏழாகுது, 'அம்மா எப்ப கூப்பிடுவா' எண்டு கேட்டுக்கொண்டு திரியுது எண்டு. "சின்யோரா, எனக்கு ஒரு மணித்தியாலம் தாங்கோ. பட்டறையிலை போய் அந்த உடைஞ்ச சட்டத்தை எடுத்துக்கொண்டு வாறன். கண்ணாலை பாருங்கோ" எண்டிட்டு பஸ்சைப் பிடிச்சு ஓடினன்.

போய்ப் பாத்தா, என்ரை மடு மாதாவே! உடைஞ்ச கதிரை மேசைக்கு மேலை நிக்குது. கயிறெல்லாம் வெட்டி எடுத்துக் கிடக்கு. முன்னுக்குப் புத்தம்புது ஓக் சட்டம், துளைக்குள்ளை கச்சிதமா இறங்கி நிக்குது. பைன் தடியை அடுப்பிலை வைச்சிட்டான். ஒரு கிழமை வேணுமெண்டு சொன்ன மனுசன், தன்ரை பேருக்கு ஆபத்து எண்டவுடனை ரெண்டு நாளிலை செய்து முடிச்சிட்டான்!

"பைன் எங்கை?"

"எந்தப் பைன்?"

"மாஸ்த்ரோ, என்ரை பிள்ளை அங்கை கொட்டிலுக்கை கிடக்குது. ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. என்ரை பின்னல் அவிழேல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அவன் பென்சிலைக் காதிலை சொருகிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினான். "எனக்கு ஒண்டும் தெரியாது" எண்டான், காதுக்குக் கேக்காத குரலிலை. சுத்தியலாலை மண்டையிலை போட்டாலும் காணாது போலை இருந்துது. போடேல்லை. பைன் அடிச்ச மற்றக் கதிரை சின்யோரா வீட்டிலைதானே நிக்குது எண்டது அப்பதான் மண்டைக்குள்ளை ஏறிச்சுது.

திரும்பி வந்தன். குசினிக்குள்ளை போய்ப் பாண் வெட்டிற கத்தியை எடுத்தன். சாப்பாட்டறையிலை யன்னல் பக்கம் நிண்ட கதிரைதான் பாரம் குறைஞ்சது, அதைத் தூக்கி நடுவிலை போட்டுக் கவிட்டன். சின்யோரா, "பைத்தியக்காரி! பொலிசைக் கூப்பிடுவன்!" எண்டு கத்துறா. கூப்பிடுங்கோ எண்டிட்டு வெட்டத் தொடங்கினன். லேசிலை வெட்டுப்படேல்லை. நான் பின்னினதல்லோ! மூண்டு நாள் வேலை. ஒவ்வொரு சுத்தும் வெடிச்சு வெடிச்சுத்தான் போச்சு. ஒருக்காக் கத்தி சறுக்கிக் கதிரையின்ரை வலதுகால் உள்பக்கத்திலை ஆழமா ஒரு வெட்டும் விழுந்துது.

கயிறு முழுக்க விழுந்தாப் பிறகு கத்தி நுனியாலை சட்டத்தைச் சுரண்டிக் காட்டினன். வெள்ளை மரம். ஆணித்தலை ரெண்டும் பல்லிளிச்சுக்கொண்டு நிண்டுது.

"இதுதான் சின்யோரா உடைஞ்சது. என்ரை பின்னல் இல்லை."

அவ குனிஞ்சு விரலாலை தொட்டுப் பாத்தா. பிறகு நிமிர்ந்து என்ரை முகத்தைப் பாத்துக் கேட்டா: "அப்ப, இது உள்ளுக்கை இருக்கெண்டு உனக்கு அண்டைக்கே தெரியும்?"

இதை நான் யோசிக்கேல்லை பாருங்கோ. பைனைக் காட்டினா நான் தப்பிடுவன் எண்டு வந்தவள், என்னையும் சேத்துத்தான் கீறிக் காட்டியிருக்கிறன்.

"ஓம், சின்யோரா. தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு மூடி என்ரை வீட்டுக்கை கொண்டுவந்து வைச்சனி."

"ஓம்."

கத்துவா எண்டு பாத்தன். அவ எழும்பிப் போய்க் கதவைச் சாத்திப்போட்டு வந்தா. "ஜெசிந்தா, இதைத் திரும்பப் பின்னு" எண்டா. "இருந்த மாதிரியே."

"முதல்லை சட்டத்தை மாத்தோணும் சின்யோரா."

"சம்பந்தி வீட்டார் ஒருக்காச் சிரிச்சிட்டினம். இன்னொரு கதிரை திருத்தவெண்டு இந்த வாசலைத் தாண்டிப் போனா ரெண்டாம் தரமும் சிரிப்பினம். தாண்டாது. நீ பின்னு, நான் கடிதம் தாறன். ஆரிட்டையும் மூச்சுக் காட்டக் கூடாது."

பட்டறையிலை மிச்சம் கிடந்த கயிற்றை எடுத்துவந்து, மூண்டு நாள் அந்தக் குசினிக்குள்ளை இருந்து பின்னினன். முதல்தரம் மூடேக்கை மாஸ்த்ரோ சொல்லி மூடினன் எண்டு சாட்டுச் சொல்லலாம். ரெண்டாந்தரம் என்ரை விலைக்கு நானே மூடினனான். கண்ணீரும் மூக்கும் வடிய வடிய, ஒரு சுத்துத் தளராமல் பின்னினன். நாலாம் நாள் அவ கையெழுத்து வைச்சா. கதிரையைத் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழை சுவரோடை வைச்சு, ஒருத்தரும் இருக்காமல் அதுக்கு மேலை ஒரு பூச்சாடியையும் வைச்சா. அடுத்த வருசம் ரெஜினா வந்து இறங்கினாள், எட்டு வயசு, என்னை அடையாளம் தெரியேல்லை.

பட்டறையை விட்டனானோ எண்டு கேப்பியள். விடேல்லை. இன்னும் பதினொரு வருசம் அங்கைதான் பின்னினனான். ஆனா அண்டைக்குப் பிறகு, நகத்தாலை கீறிப் பாக்காத சட்டத்திலை ஒரு சுத்துக் கயிறு போட்டதில்லை. தூரி தடுக்கிறேல்லை, அவனுக்கு வேறை பின்னிற ஆள் இல்லை. சாகும் வரைக்கும் ஒரு மன்னிப்பு அவன்ரை வாயிலையிருந்து வரேல்லை. பட்டறை பூட்டினாப் பிறகு வீட்டிலை வைச்சுப் பின்னினன், விரல் மொளியெல்லாம் வீங்கி மடக்க ஏலாமல் வரும் வரைக்கும்.

சின்யோரா செத்து, வீட்டுச் சாமானெல்லாம் கை மாறி, இப்ப அந்தக் கதிரை மாளிகையிலை நிக்குது. வலதுகால் உள்பக்கத்திலை அந்தக் கத்தி வெட்டு அப்பிடியே இருக்கு. சுத்திவர ஒரு சிவப்புக் கயிறு கட்டி, தொடாதேங்கோ எண்டு எழுதியிருந்தது.

ரெஜினா அங்கை மேசையிலை இருந்த பிள்ளையிட்டைப் போய், தன்ரை சிசிலி இத்தாலியனிலை சண்டைக்கு நிண்டாள். "அது என்ரை அம்மா பின்னினது. அட்டையை மாத்துங்கோ." அந்தப் பிள்ளை மரியாதையானது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னட்டைக் கேட்டுது, "சின்யோரா, என்னெண்டு எழுதோணும்?"

நான் குனிஞ்சு கதிரைக்குக் கீழை பாத்தன். என்ரை பேரை அந்த இருக்கையிலை போடுறதெண்டா, அதுக்குக் கீழை கிடக்கிறதிலையும் என்ரை பேர்தானே விழும். மகளுக்கு இது ஒண்டும் தெரியாது. அவள் வந்த வழி அந்தக் கயிற்றுக்குள்ளைதான் கிடக்கெண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த இடத்திலேயே சொன்னன். அவளுக்கும் சேத்துத்தான் சொன்னன். தூரி, சின்யோரா, பாண் கத்தி, கடிதம், எல்லாம். ரெஜினா என்ரை வீங்கின விரலைப் பிடிச்சபடி நிண்டாள். "அம்மா, அப்ப நான் இந்தத் தடியிலை ஏறித்தான் வந்தனானோ?" எண்டு கேட்டாள். "ஓம் பிள்ளை" எண்டன்.

பிறகு அந்த மேசைப் பிள்ளைக்குச் சொன்னன்: "எழுதுங்கோ. பின்னினது ஜெசிந்தா, மன்னார். முன்சட்டம் பைன், ஆணி அடிச்சது, இருந்தா உடையும். ரெண்டையும் எழுதுங்கோ. ஒண்டை மட்டும் எழுதாதேங்கோ." அது எல்லாத்தையும் எழுதி, மேலிடத்திலை குடுக்கிறன் எண்டுது.

போன கிழமை ரெஜினா திரும்பப் போய்ப் பாத்திட்டு வந்தாள். அட்டை மாறேல்லை. டென்மார்க் கைவினைஞர் இன்னும் அப்பிடியே நிக்கிறாராம். ஆனா கதிரையைச் சுத்தி முந்தி ஒரு கயிறு கட்டியிருந்த இடத்திலை இப்ப ரெண்டு கயிறு கட்டியிருக்காம், 'இருக்க வேண்டாம்' எண்டு புதுசா ஒரு பலகையும் வைச்சு.

அப்ப, பைனை நம்பிப்போட்டினம். என்னைத்தான் நம்பேல்லை.